ஞாயிற்றுக்கிழமைக் காற்று

அத்தியாயம் 9

மந்தைப்பாறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்த ஒரு செய்தி அரசாங்கத்துக்கு மட்டும் தெரியாமலே இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. அடுக்கம் கிராமத்துக்கு மேலே, பாறை முகட்டில் நட்டிருக்கும் காற்றளவுக் கம்பத்தின் எண்ணை நாள்தோறும் பார்த்துக் குறிப்பவர் அடைக்கலராஜ் அல்லர். அவருடைய மனைவி புஷ்பமேரி.

நியமன உத்தரவில் இருப்பது அவர் பெயர்தான். கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு ஆண்டுகள் உதவியாளராக இருந்தவர், கருவிகளோடு பழகியவர் என்று பங்குச் சாமியார் எழுதிக் கொடுத்த கடிதத்தின் பேரில், 1984 ஜூலையில் கிடைத்த பொறுப்பு அது. கம்பம் நட்ட மூன்றாம் நாள், இறங்கி வரும்போது முதல் வளைவில் ஈரப்புல் வழுக்கி அவர் உருண்டார். போர்வையில் கட்டித் தூக்கிக்கொண்டு போய்க் கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிர் பிழைத்தது, இடது முழங்கால் மட்டும் அதன்பின் மடங்க மறுத்துவிட்டது.

அன்றிரவே ஊர் திரும்பி, நான்காம் நாள் காலை, அவருடைய பெரிய கைக்கடிகாரத்தைத் தன் மெலிந்த மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, பதிவேட்டை முந்தானையில் சுற்றிக்கொண்டு, பதினொரு வளைவுகளையும் புஷ்பமேரி ஏறினாள். அன்று தொடங்கியது இன்றுவரை ஒரு நாளும் தவறவில்லை. அவள் மேலே பென்சிலால் எண்ணைக் குறித்து வருவாள். மாலையில் அவர் அதன் மேல் மையால் எழுதி, நேரத்தையும் போட்டு, கையெழுத்திடுவார். வெளியூரார் யாராவது கேட்டால், "நான்தான் ஏறிப் பாத்து எழுதுறேன்" என்று அடைக்கலராஜ் சொல்வதை அவள் ஒருபோதும் மறுத்ததில்லை.

சென்ற வாரம் வந்த தபாலட்டைதான் அந்த ஏற்பாட்டின் வேரை அசைத்தது. பதிவேட்டில் ஐயம் இருப்பதாகவும், பொறியாளர் ஞானவேல் வியாழக்கிழமை நேரில் வந்து விசாரிப்பார் என்றும், பதில் திருப்தியாக இல்லையெனில் கம்பத்தைப் பிடுங்கித் தெற்கே வேறோர் இடத்துக்குக் கொண்டுபோக நேரிடும் என்றும் அதில் கண்டிருந்தது.

அந்த வியாழக்கிழமை விடிந்துவிட்டது.

*

வீட்டைப் பெருக்கி, வருகிறவருக்காக நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டுப் புறப்பட்டதில் புஷ்பமேரிக்கு அன்று நேரமாகிவிட்டது. ஐந்தாம் வளைவில் விறகுக்கட்டோடு இறங்கி வந்த ராக்காயி வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன மேரி, சீலையெல்லாம் புதுசாக் கெடக்கு. பொண்ணு பாக்க வாராகளோ?"

"கம்பத்தப் பாக்க வாராக. நீ வாய வச்சிக்கிட்டுச் சும்மா இரு, மதினி."

"நான் என்னத்தச் சொல்லப் போறேன். அண்ணந்தான தெனமும் பறந்து போயி எழுதிட்டு வாராரு. நாங்கதான் கண்ணாரப் பாக்கோமே."

சிரிக்காமல் சொன்னாள் ராக்காயி. புஷ்பமேரிக்குத்தான் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

முகட்டில் காற்று ஆளைத் தள்ளியது. இருபது மீட்டர் உயரத்தில் காற்றை அளக்கும் மூன்று கிண்ணங்களும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு சுழன்றன. கம்பத்தின் அடியில் இருந்த பெட்டியின் கண்ணாடிக்குள், பேருந்து ஓட்டுநரின் முன்னால் தெரிகிற கிலோமீட்டர் எண்களைப் போல, ஐந்து இலக்கங்கள். நேற்றைய எண்ணை இன்றைய எண்ணிலிருந்து கழித்தால் ஒரு நாளில் காற்று எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது தெரியும். அவ்வளவுதான் வேலை. அவள் எண்ணைக் குறித்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு நாற்பத்தேழு.

இந்தக் கிண்ணங்களைப் பற்றி அவளுக்கு ஓர் எண்ணம் இருந்தது, யாரிடமும் சொன்னதில்லை. கம்பம் நட்ட அன்று ஞானவேல் ஊராரைக் கூட்டிச் சொல்லியிருந்தார்: "இங்க காத்து நல்லா இருக்குன்னு ரெண்டு வருசம் காகிதத்துல காட்டிட்டா, காத்தாலை நடுவோம். ஆலை வந்தா ரோடு வரும். கரண்டுக் கம்பி வரும்." போர்வைத் தூளிக்குள் கணவர் முனகிக்கொண்டு கிடக்க, நான்கு மணி நேரம் பனிமூட்டத்துக்குள் நடந்தவள் அவள். ஞானவேல் சொன்ன ரோட்டையும் கம்பியையும் இந்தக் கிண்ணங்கள்தான் இழுத்துக்கொண்டு வரும் என்று அவள் நம்பினாள்.

வீடு திரும்பியதும் வழக்கம்போலச் சொன்னாள்: "இன்னிக்கு எட்டே முக்காலத் தாண்டிருச்சுங்க."

"எட்டரைன்னு போட்டுக்கிடுவோம்," என்றார் அடைக்கலராஜ், வழக்கம்போல.

மதுரையில் பி.எஸ்ஸி. கணிதம் படிக்கும் மகள் அமலி, இதற்காகவே இரண்டு நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அப்பாவின் முழங்கால்மேல் கம்பளியைப் போர்த்திவிட்டு, கைத்தடியைக் கதவுக்குப் பின்னால் மறைத்தாள். "சார் வந்தா எந்திரிக்காதீங்கப்பா. காச்சல்னு சொல்லிருவோம்."

"பொய்யா?" என்றாள் புஷ்பமேரி.

"புதுசா ஒண்ணு இல்லம்மா. இருக்கறதுக்கு ஒரு போர்வ."

*

ஞானவேல் உச்சிப்பொழுதுக்கு முன்பே வந்துவிட்டார். பழனி ஊர்க்காரர், முப்பதைத் தாண்டியிருக்க மாட்டார். ஜீப்பை ரோடு முடியும் இடத்தில் நிறுத்திவிட்டு, முகட்டின் வழியாக நடந்து இறங்கியிருந்தார்.

"கம்பத்தப் பாத்துட்டுத்தான் வாரேனுங்க. கிண்ணமெல்லாம் அருமையாச் சுத்துது," என்றார். குரலில் சந்தேகக்காரரின் கடுமை இல்லை. தான் நம்ப விரும்பும் ஒன்றை நம்ப முடியாதவரின் வருத்தமே இருந்தது. "கீழே மதுரையில பாதி நேரம் கரண்டு இல்ல. டேம்ல தண்ணி இறங்கினா மில்லு நிக்குது. இந்தக் காத்துக்கு நிலக்கரி வேண்டாம், தண்ணி வேண்டாம், புகை கெடையாது. இத நான் ஆபீசுல சொன்னாச் சிரிக்கறாங்க. அவங்க வாயை அடைக்கறதுக்கு எனக்கு இருக்கற ஒரே ஆயுதம் உங்க நோட்டுதானுங்க ஐயா."

அடைக்கலராஜ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நோட்டுல ஒரு தப்பும் இருக்காது சார்."

ஞானவேல் கையிலிருந்த சுருளைத் தரையில் விரித்தார். கதவிடுக்கு வழியே வந்த காற்று அதைத் திரும்பச் சுருட்டியது. அமலி நான்கு மூலைகளிலும் காப்பித் தம்ளர்களை வைத்தாள். கட்டம் போட்ட தாளில் இரண்டு ஆண்டுக் காற்றும் மேடும் பள்ளமுமாக ஓடியது.

"சாதாரண நாளுல சராசரி நானூத்தி எம்பத்திரண்டு கிலோமீட்டர். சரி. ஞாயித்துக்கிழமையில மட்டும் ஐநூத்தி இருபத்திமூணு. திங்கக்கிழமையில நானூத்தி முப்பத்தொம்பது. ஒரு வாரம் ரெண்டு வாரம் இல்லீங்க, ரெண்டு வருசம். காத்துக்குக் கிழமை தெரியுமா ஐயா?"

அடைக்கலராஜ் தாளை எட்டிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம இங்க காத்து கொஞ்சம் ஜாஸ்திதான் சார்," என்றார் அடைக்கலராஜ்.

"திங்கக்கிழமை?"

"களைச்சுப் போயிரும்."

ஞானவேல் சிரித்துவிட்டார். அமலி தலையைக் குனிந்துகொண்டாள். அடைக்கலராஜ் மட்டும் சிரிக்கவில்லை; தான் சொன்னது எவ்வளவு நொண்டிச் சாக்கு என்பது அவருக்கே தெரிந்திருந்தது.

"எனக்கு என்ன தோணுதுன்னு சொல்லிர்றேன்," என்றார் ஞானவேல். "லீவு நாளுல நீங்க கம்பத்துக்குப் போறதில்ல. வீட்டுல உக்காந்து குத்துமதிப்பா ஒரு நம்பர் போடறீங்க. அதிகமாப் போட்டதை மறுநாள் குறைச்சு நேர் பண்றீங்க. பாருங்க, கிறிஸ்துமஸ் அன்னிக்கும் இதே மாதிரி. ஆகஸ்ட் பதினஞ்சு, சுதந்திர தினம், ரெண்டு வருசமும் இதே மாதிரி. எல்லாம் லீவு நாளு."

"அன்னிக்கு மாதா பண்டிகைங்க சார்."

சொன்ன பிறகுதான், சொன்னது தன் குரல் என்பது புஷ்பமேரிக்கு உறைத்தது. ஆகஸ்ட் பதினைந்து என்று யார் சொன்னாலும் அவள் வாயில் வரும் மறுமொழி அது. இத்தனை ஆண்டுகளாகச் சொல்லி வருவது, இன்றும் வந்துவிட்டது.

ஞானவேல் அவளைத் திரும்பிப் பார்த்தார். "அதனால?"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் கண்கள் வேண்டாம் என்றன. சொல்லாவிட்டால் இந்தத் தாளிலிருக்கும் அத்தனை காலைகளும் பொய்யாகிவிடும், கம்பம் போய்விடும். சொன்னால், வெளியாருக்கு முன்னால் அவருக்கென்று மிஞ்சியிருக்கும் ஒரே பெருமை போய்விடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அவளுக்குக் கிடைத்த அவகாசம், ஒரு காப்பித் தம்ளர் நகர்ந்து அமலி அதைத் திரும்ப வைக்கும் நேரம்தான்.

"அன்னிக்குப் பூசை இருக்கும் சார்," என்றாள். "ஞாயித்துக்கெழமையும் அப்படித்தான். சாமியாரு செண்பகனூர்ல இருந்து வெள்ளனே கெளம்பி நடந்து வாரவரு. எட்டரைக்குப் பூசை. எங்க உபதேசியாரு பெரியகுளத்துக்குக் குடிபோன பெறகு கோயில் சாவி எங்கிட்டதான் இருக்கு. தெறக்கணும், மெழுகுதிரி ஏத்தணும், செபமாலை ஆரம்பிக்கணும், பாட்டு எடுத்துக் குடுக்கணும். அதெல்லாம் முடிச்சு நான் கம்பத்துக்கு ஏறுறப்ப பத்தரை ஆயிரும்."

"நீங்க ஏறுறப்ப," என்றார் ஞானவேல் மெதுவாக.

"நாந்தான் சார். ஒரு நாளுகூட விட்டதில்ல. மழையிலயும் போயிருக்கேன். நம்பர் எல்லாம் நான் கண்ணால பாத்த நம்பரு."

"ஆனா நேரம் எல்லா நாளும் எட்டரைன்னு இருக்குதே."

நேரத்தை எழுதியது யார் என்பதை அவள் சொல்லப்போவதில்லை என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"அது நான் எழுதினது," என்றார் அடைக்கலராஜ். "மொத ஞாயித்துக்கெழமையே கேட்டா, பத்தரைன்னு போடுவமான்னு. நாந்தான் எட்டரைன்னே போட்டேன். நோட்டு அட்டையில எட்டரைன்னு அச்சடிச்சிருக்கு. மாத்திப் போட்டா வேல போயிரும்னு பயம். ரெண்டு மணி நேரத்துல காத்து எங்க போயிரப் போவுதுன்னு நெனைச்சேன்." கம்பளியை அவரே விலக்கினார். விறைத்து நீண்டிருந்த கால் வெளியே தெரிந்தது. "நான் ஏறினது மொத்தமே மூணு நாளு சார்."

*

அதன்பின் பேசியவள் அமலி. "சார், அந்தப் பென்சிலக் குடுங்க."

தரையிலேயே மண்டியிட்டு உட்கார்ந்தாள். சனிக்கிழமை எட்டரையிலிருந்து ஞாயிறு பத்தரைவரை இருபத்தாறு மணி நேரம். ஞாயிறு பத்தரையிலிருந்து திங்கள் எட்டரைவரை இருபத்திரண்டு. தாளின் ஓரத்தில் மூன்று வகுத்தல்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டாள். சாதாரண நாளில் மணிக்கு இருபது கிலோமீட்டரும் கொஞ்சமும். ஞாயிற்றுக்கிழமையிலும் இருபதும் கொஞ்சமும். திங்கட்கிழமையில் இருபதுக்கு மயிரிழை குறைவு.

ஞானவேல் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு தம் பையிலிருந்து பழைய தாள்களை எடுத்துக் காந்தி ஜெயந்தியைத் தேடினார். அதுவும் விடுமுறைதான், பூசை இல்லாத விடுமுறை. அந்த நாள் இரண்டு ஆண்டிலும் மேடு பள்ளமின்றி மற்ற நாள்களோடு நாளாகக் கிடந்தது.

"பொய் எழுதறவன் இப்படி எழுத மாட்டான்," என்றார், தமக்குத்தாமே சொல்லிக்கொள்வதுபோல. "அவன் எல்லா நாளும் நானூத்தி எம்பதுன்னு அழகா எழுதி வச்சிருப்பான். இது கம்பத்துக்கிட்ட போய் நின்ன ஆள் எழுதினது." புஷ்பமேரியை நிமிர்ந்து பார்த்தார். "மணிக்கு இருபது கிலோமீட்டர்னா, ஆலை சுத்தும்மா. நல்லாவே சுத்தும்."

அவள் உள்ளே போய் எதையோ எடுப்பதுபோல நின்றுவிட்டு வந்தாள்.

ஆனால் வந்தபோது ஞானவேலின் முகத்தில் சற்றுமுன் இருந்த மகிழ்ச்சி இல்லை. மடியில் ஓர் அச்சிட்ட படிவம் இருந்தது. எல்லாக் கட்டங்களையும் நிரப்பியிருந்தார், ஒன்றைத் தவிர.

"இங்க 'அளவெடுத்தவர் பெயர்'னு கேக்கறாங்க. ஐயா பேரைப் போட்டா நானும் ஒரு எட்டரை எழுதினவனாயிருவேன். அம்மா பேரைப் போட்டா, நியமிக்காத ஆள் எடுத்த கணக்குன்னு மொத்தத்தையும் தள்ளிருவாங்க. பேரை மாத்த மெட்ராஸ்ல இருந்து உத்தரவு வரணும். அதுக்குள்ள கம்பம் தெற்கே போயிரும்."

"வேற வழி இல்லையா சார்?" என்றாள் அமலி.

அவர் பேனாவை மூடினார். "ஒண்ணு இருக்குது. இந்த ஞாயித்துக்கிழமை, நியமிச்ச ஆளே, சரியா எட்டரைக்கு, கம்பத்துல எடுத்த ஒரு அளவு எனக்கு வேணும். அவர் கையெழுத்தோட. அது ஒண்ணு இருந்தா, ஐயா விழுந்ததையும் அம்மா எடுத்ததையும் உள்ளது உள்ளபடி எழுதி, 'இவர் இன்னும் பொறுப்பில் இருக்கிறார், மனைவி உதவியாளர்'னு பரிந்துரை பண்ணுவேன். திங்கக்கிழமை பத்து மணி வரைக்கும் கொடைக்கானல்லதான் இருப்பேனுங்க."

அவர் அடைக்கலராஜின் காலைப் பார்க்காமலிருக்க முயன்றார். அந்த முயற்சியே மற்ற மூவருக்கும் அதைக் காட்டியது.

*

ஞானவேல் போன பிறகு அடைக்கலராஜ் சோற்றைத் தொடவில்லை. புஷ்பமேரி பாத்திரங்களை இரண்டு முறை கழுவினாள். வெளியாளுக்கு முன்னால் என்னை இப்படி நிறுத்திவிட்டாயே என்று அவர் கேட்பார் என எதிர்பார்த்தாள். கேட்டுவிட்டால்கூட நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

"ஏங்க," என்றாள் கடைசியில். "நான் வேணும்னு சொல்லல. வாயில வந்திருச்சு."

"தெரியும்."

"திட்டணும்னா திட்டிருங்க. இப்படி இருக்காதீங்க."

"ஒன்னத் திட்டி என்ன செய்ய," என்றார் அவர். "களைச்சுப் போயிரும்னு சொன்னேன் பாரு, காத்து. பதினெட்டு வருசம் லேப்ல நின்னவன் சொல்ற பேச்சா அது?"

மூலையிலிருந்து அமலி சிரித்தாள். அவரும் ஒரு பக்கமாகச் சிரித்தார். அதில் வலியும் இருந்தது; ஆனாலும் அது சிரிப்புத்தான்.

நான்கு மணிவாக்கில் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். மைப்பேனாவைத் திறந்து, காலையில் அவள் பென்சிலால் குறித்திருந்த எண்ணின் மேல் நிதானமாக எழுதினார்.

"எத்தன மணிக்குப் பாத்த?"

"எட்டே முக்காலுக்கு மேல ரெண்டு நிமிசம்."

நேரத்துக்கான கட்டத்தில் 8.47 என்று எழுதினார். அந்தப் பத்தி முழுவதும் எட்டரைகளாக இறங்கி வந்திருந்தது. அதன் அடியில் அந்த எண் ஊருக்குப் புதிதாக வந்தவரைப்போல நின்றது. கையெழுத்துக்கான கட்டத்தை அவர் தொடவில்லை. புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி, பேனாவை அதன் மேல் வைத்தார்.

"இதென்னங்க?"

"பாத்தவதான போடணும்."

"எம் பேரு இதுல வந்தா நாளைக்கு ஏதாவது..."

"சாரே பாத்துட்டாரு. காத்தும் பாத்துட்டிருக்கு. போடு."

கோயில் நோட்டில் சாவி பெற்றுக்கொண்டதற்குப் போட்ட அதே கையெழுத்து, எழுத்துக்கு எழுத்து இடைவெளிவிட்டு, அந்தச் சிறிய கட்டத்தைத் தாண்டிப் பக்கத்துக் கோட்டிலும் ஏறி நின்றது: அ. புஷ்பமேரி. அமலி ஊதி உலர்த்தினாள்.

அடைக்கலராஜ் நாற்காலியின் கைகளை ஊன்றி எழுந்தார். "கதவுக்குப் பின்னால எங்கம்பு கெடக்கும். எடு."

"எங்கப்பா போறீங்க?"

"ஞாயித்துக்கெழம கட்டத்துல எங் கையெழுத்து வேணும்னு கேக்காரு. பாத்தவதான் போடணும்னு இப்பத்தான் ஒங்கம்மாட்டச் சொல்லியிருக்கேன். அப்ப நாந்தான ஏறணும். இன்னிக்கே ஏறிப் பழகிப் பாக்கேன்."

"பதினோரு வளைவுங்க," என்றாள் புஷ்பமேரி. "நான் வாரேன் கூட."

"நீ வந்தா கோயில யாரு தெறப்பா? ஞாயித்துக்கெழம நீ ஒன் சோலியப் பாரு. நான் எஞ்சோலியப் பாக்கேன்."

சனிக்கிழமை அமலி மதுரைக்குப் போய்விடுவாள். அதையும் கணக்கில் வைத்துக்கொண்டுதான் அவர் பேசுகிறார் என்பது புஷ்பமேரிக்குப் புரிந்தது. தன் மணிக்கட்டிலிருந்து கடிகாரத்தைக் கழற்றி அவர் கையில் கட்டினாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவளுக்காகக் குத்திய புது ஓட்டையில் அது அவருக்கு மாட்டவில்லை. பழைய ஓட்டையைத் தேடி மாட்டினாள்.

வாசலில் நின்று இருவரும் பார்த்தார்கள். அவர் கம்பை முதலில் ஊன்றினார். பிறகு நல்ல காலை வைத்தார். பிறகு மடங்காத காலை இடுப்பிலிருந்து அரைவட்டமாகச் சுற்றி முன்னால் கொண்டுவந்தார். காற்று வேட்டியை இழுத்தது. நின்றார். மறுபடி ஊன்றினார்.

முதல் வளைவை அவர் எட்டும்போது வெயில் மஞ்சளாகியிருந்தது. அன்று உருண்ட இடம் அது. புல் இன்றும் ஈரமாகத்தான் இருந்தது. அங்கே கிடந்த பாறையில் உட்கார்ந்தார். வீட்டின் பக்கம் திரும்பவில்லை. கையைத் தூக்கிக் கடிகாரத்தை மட்டும் பார்த்தார்.

"ஒரு வளைவுக்கு எவ்வளவு நேரம்மா ஆச்சு?" என்றாள் அமலி.

புஷ்பமேரி வெற்று மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு மலையைப் பார்த்தாள். மேலே இன்னும் பத்து வளைவுகள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்கள் இருந்தன. பாறையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்துகொள்ளக் கம்பைத் தேடுவது தெரிந்தது. அவர் எழுந்து கீழே வரப்போகிறாரா, இரண்டாம் வளைவை நோக்கி நடக்கப்போகிறாரா என்பது இங்கிருந்து தெரியவில்லை.